தூணும் தண்ணியும் ஒரே நாளில்

கட்டடவியல் துறைத் தலைவிக்கு மாணவர்கள் வைத்த பெயர் மண்ணம்மா. எந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதுதான் அவருடைய பாடம். அதில் தேறுவது சுலபமில்லை என்பதால், பலர் வாயில் மண்ணைப் போட்டவர் என்ற பொருளும் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்தது. அவருக்கு அது தெரியும். கண்டுகொள்ளமாட்டார். பாரம் தாங்குவது மண்ணுக்கு இயல்பு என்று சொல்லிச் சிரித்துவிடுவார்.

ஆனால் அந்த வருடம் வந்த கடிதம் அவருக்கே பாரமாகத்தான் இருந்தது.

துறையின் பட்டத்துக்கு அங்கீகாரம் கொடுப்பவை இரண்டு சங்கங்கள். ஒன்று கட்டுமானப் பொறியாளர்களுடையது: தூண், உத்தரம், கூரை எல்லாம் அவர்கள் கணக்கு. மற்றொன்று நீர்ப் பொறியாளர்களுடையது: குழாய், வாய்க்கால், சாக்கடை. இரண்டு சங்கமும் தலையை ஆட்டினால்தான் இங்கே படித்து முடித்தவர்கள் ஒரு கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியும். இத்தனை காலமும் இரண்டும் ஒரே குழுவாகத்தான் வந்துகொண்டிருந்தன. ஒரே காரில் வந்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே அறிக்கையை எழுதிவிட்டுப் போவார்கள். கூட்டு அங்கீகாரம் என்று அதற்குப் பெயர்.

இப்போது, காலத்தின் தேவை கருதி, அந்த ஏற்பாடு மாற்றப்படுகிறதாம். இனி ஒவ்வொரு சங்கமும் தனியாக வந்து, தனியாகப் பார்த்து, தனியாக அங்கீகாரம் கொடுக்குமாம். கூட்டுக்குடும்பம் தனிக்குடித்தனம் போன கதை. அதுகூடப் பரவாயில்லை. தனித்தனியாக வருகிற இரண்டு குழுவும் குறித்து அனுப்பியிருந்த நாள் ஒன்றாக இருந்தது.

மண்ணம்மா முதலில் கட்டுமானச் சங்கத்தின் குழுத் தலைவருக்குப் போன் செய்தார். அவர் நெடுநெடுவென்று வளர்ந்தவர், அசையமாட்டார், சிரிக்கமாட்டார். துறையில் அவரைத் தூண் என்பார்கள்.

"சார், அன்னைக்கு நீர்ச் சங்கமும் வர்றாங்களாம். நீங்க ஒரு நாள் தள்ளி வந்தா..."

"அவரைத் தள்ளி வரச் சொல்லுங்க."

அடுத்து நீர்ச் சங்கத்தின் குழுத் தலைவர். இவர் குள்ளம், உருண்டை, ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பார். துறையில் இவருக்குத் தண்ணி என்று பெயர்.

"நான் எதுக்குங்க தள்ளணும்? அவரைத் தள்ளுங்க."

"எங்க சார் தள்றது?"

"எங்கயாவது தள்ளுங்க." போன் வைக்கப்பட்டது.

இந்த இருவரும் போன வருடம் வரை நகமும் சதையுமாக இருந்தவர்கள். அந்த நட்பு முற்றித்தான் தூணின் மகனுக்குத் தண்ணியின் மகளைக் கட்டிவைத்தார்கள். அந்தப் பெண் இதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆசிரியை. வேதியியலுக்கும் இந்த அங்கீகாரத்துக்கும் சம்பந்தமில்லை. அவளுக்குச் சம்பந்திகளோடுதான் சம்பந்தம். மண்ணம்மா அவளைக் கேன்டீனில் பிடித்தார்.

"உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு என்னம்மா ஆச்சு?"

"எங்களுக்கு ஒரு வீடு கட்டித் தர்றோம்னு கிளம்பினாங்க மேடம். அங்க பிடிச்சது வினை."

"ரெண்டு பேரும் இன்ஜினியர். நல்லதுதானே?"

"நீங்க வேற. மாமா, ஹால் நடுவுல ஒரு தூண் இருந்தே தீரணும்னாரு. ரெண்டு கையாலயும் கட்டிப்பிடிச்சாலும் எட்டாது, அவ்வளவு பருமன். டிவி பாக்கணும்னா நான் தூணுக்கு இந்தப் பக்கம், என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"தூணை எடுன்னாரு. எடுத்துட்டு, வீடு முழுக்கத் தரையைச் சரிவா போடுன்னாரு. எங்கயும் தண்ணி தேங்கக் கூடாதாம். நாளைக்கு ஒரு குழந்தை பொறந்து தவழ ஆரம்பிச்சா, அது தானா உருண்டு வாசலுக்குப் போயிடும் மேடம்!"

"சரி, பேச்சுவார்த்தை ஏன் நின்னுச்சு?"

"மாமா அப்பாவைப் பாத்து சாக்கடைன்னு சொல்லிட்டாரு. அவரோட பாடத்தைத்தான் சொன்னேங்கறாரு. அப்பா பதிலுக்கு மாமாவை ஜடம்னாரு. அதுவும் பாடத்துல வர்ற வார்த்தைதானாம். மறுவாரமே ரெண்டு பேரும் அவங்கவங்க சங்கத்துல, இனிமே தனித்தனியாத்தான் போறதுன்னு தீர்மானம் போட்டுட்டாங்க."

மண்ணம்மாவுக்கு விளங்கிவிட்டது. ஒரு ஹாலின் நடுவில் தூண் வருமா வராதா என்ற கேள்வியில், நாட்டிலுள்ள எல்லாக் கட்டடவியல் துறைகளும் மாட்டிக்கொண்டிருந்தன.

அழுது என்ன பயன்? திட்டம் போட்டார். துறைக் கட்டடத்துக்கு மூன்று மாடி, இரண்டு பக்கமும் படிக்கட்டு. தூண் கீழிருந்து மேலே போவார். தண்ணி மேலிருந்து கீழே வருவார். நடுமாடியில் மோதிக்கொள்ளாமல் இருக்க, அந்த நேரம் பார்த்து தண்ணியை எப்படியாவது கை கழுவ அனுப்பிவிட வேண்டும். தூணோடு கான்கிரீட் பாடம் எடுக்கும் இளைஞரும், தண்ணியோடு நில அளவை வாத்தியாரும் போவார்கள். இருவரும் போனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே நகர வேண்டும். நில அளவை வாத்தியார் வாழ்நாள் முழுவதும் வெட்டவெளியில், மைதானத்தின் அந்தக் கோடியில் கொடி பிடித்து நிற்கும் மாணவனோடு பேசியே பழகியவர். காதோடு பேசும் ரகசியம்கூட அவர் வாயில் அறிவிப்பாகத்தான் வரும். மண்ணம்மா இதை யோசிக்கவில்லை.

யோசிக்காத இன்னொன்றும் இருந்தது. ஆய்வகப் பொறுப்பாளருக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிடுவார். நாற்காலி, ஜன்னல் கம்பி, மணல் வாளி, ஒன்றையும் விடமாட்டார். அதனால் எல்லோரும் அவரைப் பெயிண்டர் என்றே கூப்பிட்டார்கள்.

"பழசுன்னு தெரியக் கூடாது மேடம்," என்றார் முந்தின நாள் மாலை, காது மடலில் வெள்ளிப் பூச்சோடு.

"காஞ்சிடுமா?"

"காலையில கண்ணாடி மாதிரி இருக்கும்."

காலையில் எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. தூண் தன் குழுவோடு முன்வாசலில் இறங்கினார். தண்ணி பின்வாசலில் இறங்கினார். ஒருவருக்குக் கீழ்த்தளத்தில் காபி, மற்றவருக்கு மாடியில் காபி. இருவருமே, "அவரு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நடுமாடி நெருங்கியபோது நில அளவை வாத்தியார் போனை எடுத்துத் தன்னால் முடிந்தவரை மெதுவாகப் பேசினார். தாழ்வாரம் முழுவதும் கேட்டது.

"தண்ணி ரெண்டாவது மாடிக்கு வந்துடுச்சு! ஆமா, வேகமாத்தான் வருது! நிறுத்த முடியல! என்னால பிடிச்சு வைக்க முடியாதுங்க, அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கு!"

அந்தப் பக்கமாக வந்த துணைவேந்தர், காலையிலேயே தண்ணியைப் பற்றி இவ்வளவு சத்தமாகப் பேசும் ஆசிரியரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடித்துவிட்டுப் போனார். அவர் போனது பரவாயில்லை. படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து குழாய்க்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த பிளம்பர் காதிலும் அது விழுந்தது. தண்ணி மாடியில் தறிகெட்டு ஓடுகிறது என்று கேட்டபிறகு எந்த பிளம்பர் சும்மா இருப்பார்? விழுந்தடித்து ஓடினார். கட்டடத்துக்கே தண்ணீர் வரும் பெரிய வால்வை இறுக்கி மூடினார்.

அந்த நேரம் தண்ணி கழிவறையில் இரண்டு கையிலும் சோப்பை நன்றாகக் குழைத்துக்கொண்டிருந்தார். குழாயைத் திறந்தார். அது ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். அடுத்த குழாயும் அப்படியே. வாழ்நாள் முழுவதும் ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த மனிதர், நுரை வழியும் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"சார், ஒரு நிமிஷம், அந்தப் பக்கம் வேணாம்..." என்று நில அளவை வாத்தியார் குறுக்கே பாய்ந்தார்.

"விடுங்க சார். கான்கிரீட் லேப்னா ஊறவைக்கிற தொட்டி இருக்கும். தொட்டின்னா தண்ணி இருக்கும். எனக்குத் தெரியாதா?"

இருந்தது. தொட்டியும் இருந்தது, தொட்டிக்குப் பக்கத்தில் தூணும் இருந்தார்.

பீம் என்று அவர்கள் சொல்லும் கான்கிரீட் உத்தரம் ஒன்றை இயந்திரத்தில் ஏற்றி உடைத்துக்காட்ட இறுதியாண்டு மாணவிகள் தயாராக நின்றார்கள். அவர்களே வார்த்த உத்தரம். தூண் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் சளப் சளப் என்று சத்தம் கேட்டுத் திரும்பினார். மண்ணம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

தூண் சம்பந்தியிடம் பேசவில்லை. மண்ணம்மாவைப் பார்த்துப் பேசினார். "மேடம், உங்க தொட்டியில யாரோ கை கழுவறாங்க."

தண்ணியும் மண்ணம்மாவையே பார்த்தார். "மேடம், குழாயில சொட்டுத் தண்ணி வராத கட்டடத்துல நின்னுகிட்டு, தூணைத் தடவிப் பாக்கறாங்களே சிலபேர், அவங்ககிட்ட சொல்லுங்க. கை கழுவாம மனுஷன் சாப்பிட முடியாதுன்னு."

"மேடம், சோறு உள்ள போகணும்னா மேல ஒரு கூரை நிக்கணும்னு சொல்லுங்க."

"உள்ள போனது வெளிய போக ஒரு குழாய் வேணும்னு சொல்லுங்க மேடம்."

"ரெண்டும் வேணும் சார்," என்றார் மண்ணம்மா. "பீமை உடைச்சிடலாமா?"

மாணவிகள் பம்பை இயக்கினார்கள். வெள்ளிப் பூச்சில் தகதகத்த இயந்திரம் மெல்ல உறுமியது. பாரம் காட்டும் முள் பூஜ்யத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள். பூஜ்யம்.

"மெஷின் வேலை செய்யுதா?" என்றார் தூண்.

"புத்தம் புதுசு மாதிரி இருக்கு சார்," என்றார் பெயிண்டர் பெருமையாக.

"ஏத்துங்க."

ஏற்றினார்கள். முள் அசையவில்லை. தூண் குனிந்து உத்தரத்தின் அடியைப் பார்த்தார். வேடிக்கை பார்க்கக் கூடாது என்ற வைராக்கியம் எவ்வளவு நேரம் தாங்கும்? கையைச் சட்டையில் துடைத்தபடி தண்ணியும் வந்து மறுபக்கம் குனிந்தார்.

"பாரமே ஏறலயே," என்றது ஒரு தலை.

"பீமுக்கு வெக்கம் போல," என்றது மறுதலை.

டமார்!

உத்தரம் இரண்டாக முறிந்து, ஒரு துண்டு மணல் வாளியில் விழுந்தது. புழுதி எழும்பியது. மாணவிகள் அலறினார்கள். புழுதி அடங்கியதும் மண்ணம்மா சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் இருந்தார்கள், குழுத் தலைவர்கள் இருவரைத் தவிர. முள் மட்டும் நிம்மதியாகப் பூஜ்யத்தில் இருந்தது.

அவர் அதை விரலால் தொட்டார். முள் அளவுத்தட்டோடு ஒட்டிப்போயிருந்தது, விரல் நுனியிலும் வெள்ளி ஒட்டியது.

"கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சேன் மேடம்," என்றார் பெயிண்டர், குரல் இறங்கி. "முள்ளு மட்டும் துருப்பிடிச்சு அசிங்கமா தெரிஞ்சுது. ஒரே ஒரு கோட்டுதான் குடுத்தேன். காயட்டும்னு கண்ணாடியை இன்னும் மாட்டல."

அப்போது சுவரோர மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"பாரமே ஏத்தாம உடைஞ்ச பீமை என் சர்வீஸ்ல இப்பத்தான் பாக்கறேன்."

"உங்க பார்வை பட்டாலே போதுமே சம்பந்தி."

சொன்ன பிறகுதான் தண்ணிக்குத் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை உறைத்தது. ஒரே மேசைக்கு அடியில் இருவரும் ஒடுங்கியிருந்தார்கள். தூணின் முழங்கால்கள் அவர் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. அவருடைய கோட்டில் ஈரமாக ஒரு கைத்தடம் பதிந்திருந்தது. தண்ணிதான் பயத்தில் அவரைப் பிடித்துக் கீழே இழுத்திருந்தார்.

"அடி படலயே?" என்றார் தூண், உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே.

"இல்ல. உங்களுக்கு?"

"ம்."

வாசலில் தடதடவென்று ஓடிவரும் சத்தம். வேதியியல் பெண். டமார் என்று கேட்டதும் வழக்கம்போல் தன் ஆய்வகத்தில்தான் ஏதோ வெடித்தது என்று நினைத்து, அங்கே ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் இங்கே ஓடிவந்திருந்தாள். மேசைக்கு அடியில் அப்பாவையும் மாமனாரையும் பார்த்தாள்.

"அப்பா! மாமா! ஒண்ணும் ஆகலயே?"

"ஒண்ணும் இல்லம்மா," என்று இருவரும் தவழ்ந்து வெளியே வந்தார்கள். பயம் தெளிந்த மறுகணமே அவளுக்குக் கோபம் வந்தது.

"இத்தனை நாளா நல்ல நாள் பெரிய நாள்னு எதுக்கும் ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாக்கல. இப்ப மேசைக்கு அடியில குசுகுசுன்னு என்ன பேச்சு?"

"பாத்தியாம்மா?" என்றார் தூண். "தாங்க ஒண்ணும் இல்லன்னா இப்படித்தான் உடையும். இதுக்குத்தான் ஹால்ல ஒரு தூண்..."

"ஆரம்பிச்சுட்டாருய்யா! அந்தத் தரையைச் சரிவா..."

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" என்றாள் அவள். "அந்த வீடு எங்களுக்கு வேணாம். நாங்க பிளாட் வாங்கிட்டோம்."

"யாரைக் கேட்டு?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"உங்களைக் கேட்டா கிழவி ஆனப்புறம்தான் குடி போகணும். நாலாவது மாடி. வேலை முடியப்போகுது."

"தூண் எங்கம்மா வருது?"

"தெரியாது மாமா. சுவருக்குள்ள எங்கயோ இருக்கு."

"குழாய்?"

"அதுவும் சுவருக்குள்ளதான்பா."

"எல்லாமே சுவருக்குள்ளயா!"

சம்பந்திகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்கே வீடு கட்டும் இரண்டு பேர் இருக்க, பெற்ற பிள்ளைகள் முன்பின் தெரியாத எவனோ கட்டியதை, சுவருக்குள் என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் வாங்கியிருக்கிறார்கள். இந்த அவமானத்துக்கு முன்னால் சாக்கடையாவது ஜடமாவது.

"வண்டியை எடுக்கச் சொல்லுங்க சம்பந்தி," என்றார் தூண்.

"சார், எங்க அங்கீகாரம்..." என்றார் மண்ணம்மா.

"அது கிடக்கட்டும் மேடம். மட்டம் பாக்கற கருவி இருக்கா உங்ககிட்ட? சுத்தியலும் ஒண்ணு குடுங்க."

துறையின் கருவியை யாரிடமும் தனியாகக் கொடுத்தனுப்பும் வழக்கமில்லை. அதனால் மண்ணம்மாவும் காரில் ஏறினார். அந்தக் கருவியின் முக்காலியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் தூணும் ஒரு பக்கம் தண்ணியும் நெருக்க, நடுவில் உட்கார்ந்து போனார். வேதியியல் பெண் முன் சீட்டில் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தாள்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் தலைக்கவசம் போட்ட பொறியாளன் ஒருவன் வரவேற்க வந்தான். மண்ணம்மாவைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் திரும்பி ஓடப் பார்த்தான். அவரும் மறுபடி காரில் ஏறிக்கொள்ளலாமா என்று பார்த்தார். அவருடைய மாணவன்தான். அரியர் என்றுதான் அவனுக்குப் பெயர். நான்கு முறை மண் பாடத்தில் கோட்டைவிட்டு, ஐந்தாவது முறை தட்டுத்தடுமாறிக் கரையேறியவன். துறையில் எத்தனையோ கெட்டிக்காரர்கள் படித்துவிட்டுப் போயிருக்க, இன்றைக்குப் பார்த்து இவன்தானா வந்து நிற்க வேண்டும்?

"அஸ்திவாரத்துக்குக் கீழ என்ன மண்ணு?" என்று ஆரம்பித்தார் தூண்.

அரியர் கண்ணை மூடிக்கொண்டான். மடமடவென்று கொட்டினான். "மேல களிமண் சார். நனைஞ்சா ஊதும், காஞ்சா சுருங்கும். அதை நம்பி நிக்க முடியாது. அதனால பாறை வரைக்கும் துளை போட்டு, கம்பி கட்டி, கான்கிரீட் எறக்கியிருக்கோம்."

"பாறை இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"தோண்டி எடுத்துப் பாத்தோம் சார். பாக்காம எழுதினா மேடம் விடைத்தாள்ல அடிச்சு விட்டுடுவாங்க."

"மழைத்தண்ணி எங்க போகும்?" என்றார் தண்ணி.

"மண்ணுக்குள்ள எவ்வளவு இறங்கும், மிச்சம் எவ்வளவு ஓடும்னு கணக்குப் போட்டு வாய்க்கால் வெச்சிருக்கோம் சார். அது மூணாவது தடவை எழுதினப்போ வந்த கேள்வி."

"எங்கப்பா படிச்ச?"

அவன் மண்ணம்மாவைக் கைகாட்டினான். "இவங்ககிட்டதான் சார். ஊர்ல எல்லாரும் இந்தப் பாடத்தை ஒரு தடவைதான் படிப்பாங்க. நான் அஞ்சு தடவை படிச்சிருக்கேன்."

தூண் சிரித்தார். அவருக்குப் பல் இருக்கிறது என்பதே மண்ணம்மாவுக்கு அன்றுதான் தெரியும்.

நாலாவது மாடியில் தண்ணி குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் எங்கும் தயங்காமல் நேராகத் துளைக்குள் இறங்கிப் போனது. "பாருங்க சம்பந்தி, எவ்வளவு அழகா போகுது!" என்றார், கண்கள் பனிக்க. தூண் ஒவ்வொரு சுவரையும் சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். முன்னாலேயே குடிவந்துவிட்ட கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து, "யாருங்க நீங்க, இடிக்க வந்தவங்களா?" என்று கேட்டார்.

"அங்கீகாரக் குழு," என்றார்கள் இருவரும்.

அறிக்கையை அங்கேயே, பூசி முடிக்காத சமையல் மேடையில் வைத்து எழுதினார்கள். ஒரே அறிக்கை. இந்தத் துறையில் படித்தவர் கட்டிய கட்டடம் நிற்கிறது, தண்ணீரும் ஓடுகிறது. ஆகவே முழு அங்கீகாரம் என்று முடித்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: அளவு காட்டும் எந்தக் கருவியிலும் இனி பெயிண்ட் படக் கூடாது. சில வாரங்களில் இரண்டு சங்கங்களும் கூட்டு அங்கீகாரத்தை மறுபடி கொண்டுவந்தன. கூடவே ஒரு புது விதி: குழு வரும்போது, அந்தத் துறையில் படித்தவர் கட்டிய கட்டடம் ஒன்றையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இந்த விதி எங்கிருந்து முளைத்தது என்று மற்ற பல்கலைக்கழகங்களுக்கு விளங்கவில்லை. பெரிய ஆராய்ச்சிக்குப் பிறகு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மண்ணம்மா அரியரை அழைத்து மாணவர்களுக்குப் பேசச் சொன்னார். அவன் தோல்வியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். பலத்த கைதட்டல். அடுத்து வந்த மண் தேர்வில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமானவர்கள் கோட்டைவிட்டார்கள்.

வேதியியல் பெண் புது வீட்டுக்குக் குடிபோன சில மாதங்கள் கழித்து, மண்ணம்மாவின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"மேடம், ஒரு உதவி. அப்பாவும் மாமாவும் ஞாயித்துக்கிழமை ஆனா போதும், சேர்ந்து வந்துடறாங்க. ஒருத்தர் கையில சுத்தியல், ஒருத்தர் கையில வாளி. காலைத் தூக்கம் போச்சு. அவங்களை மறுபடி தனித்தனியா ஆக்க ஏதாவது விதி இருக்கா?"

மண்ணம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார்.

"விதி எல்லாம் எதுக்கும்மா? இந்த ஞாயிறு ரெண்டு பேரையும் எங்க வீட்டுக்கு அனுப்பு. எங்க பாத்ரூம்ல ரொம்ப நாளா தண்ணி தேங்குது. என் வீட்டுக்காரர் தினமும் என்னைப் பாத்து, நீயெல்லாம் ஒரு இன்ஜினியரான்னு கேக்கறாரு."

"நிஜமாவா மேடம்?"

"சாப்பாட்டோட அனுப்பணும்னு இல்ல. சாப்பாடு நானே போடறேன்."

அவள் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, மண்ணம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். பிறகு அந்த ஞாயிறு பத்து மணிவரை தூங்கப்போவதாகப் புருஷனுக்குப் போனில் சொல்லிக்கொண்டே வெளியே போனாள்.